வராத இதழைப் படித்தவர்கள்

ரூபாயின் மதிப்பைக் குறைத்த வருஷம் ஞானதீபம் விஞ்ஞானக் கல்லூரியில் யாருக்கும் அறிவு குறைந்துவிடவில்லை. இருந்தால்தானே குறைவதற்கு என்று நூலகர் ஆலிஸ் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வெளியே சொல்லவில்லை. மாதம் இருநூற்றிருபது ரூபாய் சம்பளக்காரி மனசுக்குள் சொல்ல வேண்டியதை அங்கேயே சொல்லி முடித்துக்கொள்வதுதான் நல்லது.

அறுபத்தாறு ஜூனில் ரூபாய் விழுந்தது. கல்லூரி நூலகத்துக்கு வந்துகொண்டிருந்த இருபத்திரண்டு வெளிநாட்டு ஜர்னல்களின் சந்தாவும் அன்றைக்கே ஒன்றரை மடங்காக எழுந்து நின்றது. சில மாதம் கழித்து, காகித விலை ஏறிவிட்டது என்று கடிதம் வந்தது. சந்தா இன்னும் ஏறியது. அடுத்த ஜூனில் சூயஸ் கால்வாயை மூடிவிட்டார்கள், கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வருகின்றன, ஆகவே செலவு கூடிவிட்டது என்று இன்னொரு கடிதம். அரிசியை ரூபாய்க்கு ஒரு படி கொடுக்கிறேன் என்று சொல்லவாவது ஓர் அரசாங்கம் வந்தது. அறிவுக்கு அப்படிச் சொல்ல ஒருவரும் வரவில்லை.

அறுபத்தேழு நவம்பரில் பவுண்டின் மதிப்பு விழுந்ததாகப் பத்திரிகையில் படித்தபோது ஆலிஸ் ராயபுரத்து வீட்டில் காபி டம்ளரும் கையுமாகத் துள்ளாத குறைதான். லண்டனிலிருந்து வரும் ஜர்னலாவது இனி மலிவாகக் கிடைக்கும் அல்லவா? பத்து நாளில் புது விலைப்பட்டியலோடு சௌக்கத் அலி வந்தார். யானைக்கவுனியில் காகித மண்டி வைத்திருந்தவர்; வெள்ளைக் காகிதத்தைவிட அச்சடித்த காகிதத்தில் கமிஷன் அதிகம் என்று கண்டுபிடித்து வெளிநாட்டு ஜர்னல் ஏஜெண்ட் ஆனவர்.

"இன்னா பாய் இது, பவுண்டு எறங்கிடுச்சின்னு பேப்பர்ல போட்டானே. வெலை ஏறியிருக்கு?" என்றாள் ஆலிஸ்.

"பவுண்டு எறங்கிட்டதால அவங்களுக்குக் கட்டுப்படி ஆவலியாம்மா. அதான் ஏத்திட்டாங்கோ."

"ரூபா எறங்கினப்பவும் ஏத்தினாங்களே?"

"அது ரூபா எறங்கினதால."

"சரி, ரெண்டும் ஏறினா?"

சௌக்கத் அலி தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "அப்பவும் இன்னாவோ ஒரு காரணம் எழுதி அனுப்புவாங்கம்மா. படிச்சவங்க கம்பெனி, காரணத்துக்கா பஞ்சம்?"

அந்தக் கல்லூரி திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், எண்ணெய் டாங்கிகளுக்கும் ஒரு சோப்புத் தொழிற்சாலைக்கும் நடுவில் இருந்தது. விளக்கெண்ணெய் வியாபாரத்தில் நாலு தலைமுறைக்குச் சேர்த்துவிட்ட ஒரு குடும்பம் புண்ணியத்துக்காகத் தொடங்கியது. ஆராய்ச்சி என்ற வார்த்தை வாசல் பலகையில் இரண்டு இடத்தில் இருந்தது. உள்ளே வேறெங்கும் இல்லை. இருபத்திரண்டு ஜர்னல்களில் ஒன்று ஜெர்மனியிலிருந்து மாதாமாதம் வரும். கெட்டியான பச்சை அட்டை. அதன் ஜெர்மன் பெயர் யார் வாயிலும் நுழையாததால் எல்லோருக்கும் அது பச்சை அட்டைதான். வருஷத்துக்கு ஆயிரத்து நானூறு ரூபாய். கல்லூரியில் ஜெர்மன் தெரிந்த ஓர் ஆள் கிடையாது. ஆனால் பல்கலைக்கழகத்திலிருந்து பார்வையிட வரும் குழு நூலகத்துக் கண்ணாடி அலமாரியில் அந்தப் பச்சை வரிசையைக் கண்டால் அடுத்த வருஷ அனுமதியைப் பேசாமல் எழுதிக் கொடுத்துவிடும். அந்தக் குழுவிலும் யாருக்கும் ஜெர்மன் தெரியாது.

ஜெர்மன்காரர்கள் தாள்களை மடித்தபடியே தைத்து அனுப்புவார்கள். படிக்கிறவர் கத்தியால் மடிப்பை அறுத்துக்கொண்டு படிக்க வேண்டும். ஏழு வருஷத்துப் பச்சை அட்டையில் ஒரு மடிப்பைக்கூட ஒருவரும் அறுத்ததில்லை. இது ஆலிஸுக்கும் அலமாரிக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

உண்மையாகவே படிக்கப்பட்டது ஒரே ஒரு ஜர்னல். லண்டனிலிருந்து வருஷத்துக்கு இரண்டு இதழாக வரும். தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் அதன் விஷயம். அட்டை அழுக்கு மஞ்சள். புது விலையில் அதற்கு நூற்றிருபத்தாறு ரூபாய். படித்தவன் சுப்புராயன்.

சுப்புராயன் ரசாயனத் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர். அதாவது பேராசிரியர் எழுதிப்போட்டுவிட்டுப் போவதை மாணவர்களுக்குச் செய்து காட்டுகிறவன், குழாய் அடைத்தால் குத்துகிறவன், முதல்வர் மகள் கல்யாணத்தில் பந்தி பார்த்தவன். வியாசர்பாடிக் குடியிருப்பில் பிறந்து மில் தொழிலாளியின் மகனாகப் படித்து வந்தவன். சனிக்கிழமை மத்தியானங்களில் இரண்டு டஜன் பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு காத்திவாக்கத்துக்குப் போவான். அங்கே ஆறு கடலில் கலக்கும் உப்பங்கழியில் கையால் தடவி இறால் பிடிக்கும் சொக்கம்மாள், எந்த இடத்தில், கடல் ஏறும்போதா வற்றும்போதா, தண்ணீர் மொள்ள வேண்டும் என்று சொல்வாள்; பல நாள் அவளே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மொண்டும் கொடுப்பாள். இரண்டு வருஷமாகக் கழியில் இறால் செத்து மிதந்தது. மிஞ்சியதில் மண்ணெண்ணெய் நாற்றம். சொக்கம்மாளும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் மீன் ஆபீஸரிடம் போய் முறையிட்டார்கள். தொழிற்சாலைக் கழிவால்தான் சாகிறது என்பதற்கு என்ன ருசு, விஞ்ஞானி யாராவது எழுதி அச்சில் வந்திருந்தால் கொண்டு வா, நடவடிக்கை எடுக்கிறேன் என்று அவர் அனுப்பிவிட்டார். இனி அவள் வரவே மாட்டாள் என்பது அவர் நினைப்பு. அவள் விசாரித்துக்கொண்டு கல்லூரி வாசலுக்கு வந்து சுப்புராயனைப் பிடித்துவிட்டாள்.

அவன் சந்தேகப்பட்டது காரீயம். நல்ல தண்ணீரில் அதை அளப்பது எளிது. கழித் தண்ணீரில் உப்பு குறுக்கே வந்து கணக்கைக் குழப்பிவிடும். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் வழியை பென்னட் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்து மஞ்சள் அட்டையில் எழுதியிருந்தார். ஜூலை இதழில் பாதிக் கட்டுரை. உப்புக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்ற அட்டவணை அடுத்த ஜனவரி இதழில் வரும் என்று கடைசி வரியில் போட்டிருந்தது. அந்த ஜூலை இதழ் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு அக்டோபரில் வந்து சேர்ந்தபோது, சுப்புராயன் அலமாரி ஓரத்தில் நின்றுகொண்டே இரண்டு மணி நேரம் படித்ததை ஆலிஸ் பார்த்தாள். உட்கார்ந்து படிக்கச் சொன்னாள். மேஜை விரிவுரையாளர்களுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் மட்டும் என்று பலகை தொங்கியதைக் காட்டிச் சிரித்தான்.

"ஜனவரி இதழ் மட்டும் வந்துடட்டும்மா. பாட்டில் எல்லாம் ரெடியா இருக்கு, அட்டவணைதான் பாக்கி" என்றான்.

சௌக்கத் அலியின் பட்டியலைப் பார்த்த முதல்வருக்கு வியர்த்துவிட்டது. விளக்கெண்ணெய்க் குடும்பம் காசைக் கூட்டித் தராது. பாதிக்கு மேல் ஜர்னல்களை நிறுத்தியாக வேண்டும், எதை நிறுத்துவது? டிசம்பர் மாதம் முழுக்க நூலகத்தில் ஒரு பதிவேடு வைக்கச் சொன்னார். யார், எந்த ஜர்னலில், எந்த இதழைப் படித்தார்கள், எப்படியிருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். படிக்கப்படுபவை தொடரும், மற்றவை நிற்கும்.

ஆலிஸுக்கு ஒரே சந்தோஷம். வாழ்க்கையில் முதல் தடவையாக இந்த மனுஷன் நியாயமான காரியம் ஒன்று செய்துவிட்டாரே என்று அந்த ஞாயிறு பூசையில் அவருக்காக ஒரு மன்றாட்டுகூட வைத்தாள். திங்கட்கிழமை சுற்றறிக்கையை முழுசாகப் படித்தபோது அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. கையெழுத்துப் போடும் தகுதி விரிவுரையாளர்களுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் மட்டும்.

சுப்புராயனுக்குப் பதிலாக அவனுடைய துறைத் தலைவர் பேராசிரியர் அப்பாவுவைக் கேட்டுப் பார்த்தாள். "தண்ணியா? தண்ணியில என்னம்மா ஆராய்ச்சி? குடிக்கறதுதானே" என்று சொல்லிவிட்டு அவர் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தார்.

பதிவேடு மூன்று வாரம் மேஜைமேல் காலியாகக் கிடந்தது. அதில் விழுந்தவை ஓர் ஈயும் ஒரு காபிக் கறையும்தான். கடைசி வாரம் முதல்வர் பதறிப்போய், அதைப் பேராசிரியர்களின் அறைக்கே அனுப்பச் சொன்னார். இதற்கென்றே கல்லூரியில் ஓர் ஏற்பாடு உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் பியூன் சின்னப்பையன் ஒரு கட்டு நோட்டுகளோடு அறை அறையாகப் போவார். ஐம்பத்திரண்டு வயசு, வெள்ளை மீசை, பெயர் மட்டும் சின்னப்பையன். டீக் கணக்கு, விடுமுறை அறிவிப்பு, இறந்தவருக்கு அனுதாபத் தீர்மானம், எதுவானாலும் அவர் விரல் வைத்த இடத்தில் பேராசிரியர்கள் கையெழுத்துப் போடுவார்கள். அவர்கள் பேச்சு நிற்காது, பேனா மட்டும் நகரும். அப்பாவு ஒரு தடவை தன்னுடைய விடுப்பையே மறுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

சனிக்கிழமை காலையில் பதிவேடு திரும்பி வந்தது. மூன்று பக்கம் நிறையக் கையெழுத்துகள். ஆலிஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். பச்சை அட்டை, செப்டம்பர் இதழ். பச்சை அட்டை, அக்டோபர் இதழ். கீழே பேராசிரியரின் கையெழுத்தில், 'மிகப் பயனுள்ளது.' அமெரிக்க இயற்பியல் ஜர்னல், நவம்பர் இதழ், 'சிந்தனையைத் தூண்டுகிறது.' இப்படி ஒன்பது ஜர்னல்கள், பதினோரு பேராசிரியர்கள். மஞ்சள் அட்டை எங்குமே இல்லை.

அவள் படித்ததையே மறுபடி படித்தாள். அந்த இதழ்களில் ஒன்றுகூட இன்னும் வந்து சேரவில்லை. எல்லாம் நடுக்கடலில் இருந்தன. துறைமுகத்தில் இறங்கும் சரக்கை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க்காக இருந்த அவள் அண்ணன் லியோனார்ட் முந்தின வாரம்தான், தபால் மூட்டைகளோடு வரும் கப்பல் பிப்ரவரிக்கு முன்னால் கரை தொடாது என்று சொல்லியிருந்தான்.

சின்னப்பையனைக் கூப்பிட்டாள். "இந்தப் பேரெல்லாம் யார் எழுதினது?"

"நாந்தாம்மா. அவங்க இன்னா படிச்சாங்கன்னு கேட்டேன். 'நீயே எதுனா போட்டுக்க'ன்னுட்டாங்கோ. நா இன்னாத்த கண்டேன்? இங்க போர்டுல அழகா எழுதி ஒட்டிகீறியே, அத்தப் பாத்து அப்படியே எழுதிகினு போனேன். ஒரு எழுத்து தப்பு இருக்காது, பாரு."

ஒரு எழுத்துகூடத் தப்பில்லைதான். பலகையில் ஆலிஸ் இரண்டு பட்டியல்களை ஒட்டியிருந்தாள், வந்தவை ஒன்று, வர வேண்டியவை ஒன்று. சின்னப்பையனுக்கு ஆங்கில எழுத்தைப் பார்த்து அப்படியே வரையத் தெரியும், படிக்கத் தெரியாது. வர வேண்டியவை பட்டியல் நீளமாகவும் புதுசாகவும் இருந்ததால் அதுதான் முக்கியமானது என்று நினைத்துவிட்டார். ஆகவே கல்லூரியில் வராத ஜர்னல்கள் அத்தனையும் படிக்கப்பட்டுவிட்டன. வந்து அலமாரியில் உட்கார்ந்திருந்தவை ஒன்றும் படிக்கப்படவில்லை.

ஆலிஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நல்லவேளை, கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்தாள். முப்பத்தெட்டு வயசுக்கு அவ்வளவு நம்பிக்கை ஆகாது.

பொங்கல் கழிந்து கூட்டம் நடந்தது. முதல்வர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பதிவேட்டின்படி ஒன்பது ஜர்னல்கள் வாசிக்கப்பட்டிருக்கின்றன, அவை தொடரும், மற்ற பதின்மூன்றும் நிறுத்தப்படும் என்று வாசித்தார். ஆலிஸ் எழுந்தாள்.

"சார், அந்த ஒன்பதிலே ஒண்ணுகூட ஆகஸ்டுக்கு அப்புறம் வரல. எல்லாம் கப்பல்ல இருக்கு. இவங்க படிச்சதா கையெழுத்துப் போட்டிருக்கறது, இன்னும் வராத இதழுங்க."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்பாவுதான் முதலில் தெளிந்தவர்.

"பச்சை அட்டை அக்டோபர் இதழை நான் படிச்சேனே. ரொம்ப ஆழமான கட்டுரைகள்."

"சார், அது ஜெர்மன்."

"அதனாலதாம்மா ஆழம்னு சொன்னேன்."

ஆலிஸ் தயாராகத்தான் வந்திருந்தாள். பச்சை அட்டையின் பழைய இதழ்கள் நாலைந்தை மேஜைமேல் வைத்து, அறுபடாத மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரிக்க முடியாமல் பிரித்துக் காட்டினாள். பேராசிரியர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் சிலர் அந்த இதழை அவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இயற்பியல்காரர் ஒருவர், "ஓரத்தை விலக்கிப் படிக்கலாமே. கல்லூரிச் சொத்தை அறுத்துக் கிழிக்கணுமா?" என்றார். அது நல்ல பண்பு என்று முதல்வர் தலையாட்டினார். பிறகு ஆலிஸைப் பார்த்தார்.

"அப்ப நீங்க சொல்ல வர்றது என்ன? பதினோரு பேராசிரியர்கள் என்ன ஏதுன்னு பார்க்காம கையெழுத்துப் போட்டாங்கன்னா?"

அறையில் பதினோரு பேரும் அவளையே பார்த்தார்கள். இருந்தாலும் சொன்னாள். "ஆமா சார்."

"அது நடக்கற காரியமில்லை" என்றார் முதல்வர். கோபம்கூட இல்லை, இரண்டும் இரண்டும் நாலு என்கிற மாதிரி சொன்னார். "இவ்வளவு படிச்சவங்க எழுதிக் கொடுத்திருக்காங்க. அதனால இதழ்கள் வந்திருக்கு. வந்த இதழ்கள் இப்ப நூலகத்துல இல்லைன்னா, நூலகத்துலதான் தொலைஞ்சிருக்கு."

அந்த மனுஷன் நல்ல வக்கீலாக வந்திருக்க வேண்டியவர். பத்து நிமிஷத்தில் தீர்மானம் எழுதியாகிவிட்டது. ஒன்பதும் தொடரும். இதழ்கள் தொலைவது தெரியவந்திருப்பதால், முன்னெச்சரிக்கையாகப் பச்சை அட்டைக்கு இனி இரண்டு பிரதிகள் வரவழைக்கப்படும். தொலைந்தவற்றை நாற்பது நாளில் கண்டுபிடித்துத் தரும்படி நூலகருக்கு ஒரு மெமோ.

ஆலிஸ் மெமோவைப் பற்றிக் கவலைப்படவில்லை. அழுகை வந்தது வேறொன்றுக்கு. "சார், மஞ்சள் அட்டையை மட்டும் விட்டுடுங்க. நூத்திருபத்தாறு ரூபாதான். அதை ஒருத்தர் நெஜமாவே படிக்கிறார். அவருக்கு இந்த ஜனவரி இதழ் வந்தே ஆகணும்."

"யாரு?"

"சுப்புராயன்."

"அவர் டெமான்ஸ்ட்ரேட்டர்."

"படிக்கிறார் சார்."

"படிக்கட்டும்மா. யார் வேண்டாம்னா? கணக்குல வராது, அவ்வளவுதான்."

பிப்ரவரியில் கப்பல் வந்தது. செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரைக்குமான இதழ்கள், அந்நிய நாட்டுத் தபால் முத்திரையோடு, பிரிக்காத கட்டாக வந்து இறங்கின. ஆலிஸ் அந்தக் கட்டை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் முதல்வர் மேஜையில் வைத்து, இங்கே வந்து சேர்ந்ததற்குக் குத்திய முத்திரையின் பிப்ரவரித் தேதியில் விரலை வைத்தாள். முதல்வர் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா, தேடினா கிடைக்காம எங்க போகும்?" என்று சொல்லி மெமோவைத் தாராள மனசோடு ரத்து செய்தார்.

மஞ்சள் அட்டை வரவில்லை. ஆலிஸ் நகரத்தில் நாலு நூலகங்களுக்கு எழுதிப் பார்த்தாள். நாலிலும் விலை தாங்காமல் நிறுத்தியிருந்தார்கள். கடைசியில் தன் காசில் ஒரு விமானத் தபால் வாங்கி, பென்னட்டுக்கே எழுதிவிட்டாள்: ஐயா, உங்கள் கட்டுரையின் இரண்டாம் பாகத்துக்காக இங்கே ஓர் ஊர் காத்திருக்கிறது, இரவல் தர முடியுமா? ஐந்து வாரத்தில் பதில் வந்தது. டைப் அடித்த அட்டவணையின் கார்பன் நகல் நாலு பக்கம். கூடவே ஒரு குறிப்பு. தன் பல்கலைக்கழகமும் சந்தா கட்ட முடியாமல் இந்த வருஷம் அந்த ஜர்னலை நிறுத்திவிட்டது, ஆகவே தன் கட்டுரையைத் தானே இன்னும் அச்சில் பார்க்கவில்லை. இந்தியாவில் ஏதாவது ஒரு நூலகத்தில் அந்த இதழ் கண்ணில் பட்டால், அட்டவணையைப் பிழையில்லாமல் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துத் தெரிவித்தால் நன்றியுள்ளவனாக இருப்பேன் என்று அந்த மனிதர் கேட்டிருந்தார். படித்துவிட்டு ஆலிஸ் சிரித்த சிரிப்பில் சின்னப்பையன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சுப்புராயன் ஒரு வருஷம் உழைத்தான். கணக்குச் சரியாக வந்தது. கழியில் தொழிற்சாலை வாய்க்கால் வந்து விழும் இடத்தில் காரீயம் இருக்கக்கூடிய அளவைப்போல் பதினான்கு மடங்கு. கட்டுரையை மஞ்சள் அட்டைக்கே அனுப்பினான். அதைவிட்டால் அந்த விஷயத்தை வேறு யார் போடுவார்கள்? துறைத் தலைவர் கையெழுத்தில்லாமல் கட்டுரை வெளியே போகக்கூடாது என்பதால் அப்பாவுவின் பெயர் முதலில் ஏறியது. இந்தக் கட்டுரை இனிமேல் முழுக்கக் கம்பெனியின் சொத்து, வேறெங்கும் அச்சடிக்க மாட்டேன் என்று ஒப்புக்கொள்ளும் படிவம் ஒன்று வந்தது. சுப்புராயன் கையெழுத்துப் போட்டான். காசு ஒன்றும் தர மாட்டார்கள். எழுதியவனுக்கு ஓர் இதழ்கூட இனாமாக அனுப்பும் வழக்கம் கிடையாது. எழுபது ஜனவரி இதழில் கட்டுரை வெளியாகிவிட்டது என்று இரண்டு வரிக் கடிதம் மட்டும் வந்தது. அப்பாவுவுக்குக் கல்லூரியில் பாராட்டுக் கூட்டம் வைத்து மாலை போட்டார்கள். அவர் ஏற்புரையில் தண்ணீரின் மகத்துவத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்.

விஷயம் காத்திவாக்கத்துக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சொக்கம்மாள் நூலகத்துக்கே வந்துவிட்டாள். கூடையை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டு உள்ளே வந்தாள். ஆலிஸ் அந்த நூலகத்தில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறாள். இன்ன விஷயம், இன்ன புத்தகம், எனக்கு இப்போதே வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நடந்து வந்தவர்களைக் கையில் எண்ணிவிடலாம்.

"எம்மா, எங்க தண்ணியப் பத்தி எழுதின பொஸ்தகம் வந்துட்ச்சாமே. குடு. அந்த ஆபீஸர் மூஞ்சிக்கு நேரா காட்டிட்டு, பத்திரமா கொண்டாந்து குட்த்துடறேன்."

"இங்க இல்லம்மா."

"வேற யார்னா படிக்க எட்த்துகினு போய்கீறாங்களா?"

"இங்க யாரும் எதையும் படிக்கறதில்ல. அந்தப் பொஸ்தகத்தை நாங்க வாங்கறத நிறுத்திட்டோம். சுப்புராயன் டைப் அடிச்ச காயிதம் ஒண்ணு வெச்சிருக்கார், அத வேணா..."

"அத்த அப்பவே காட்டிட்டேன். 'டைப்பு எவன் வேணா அடிப்பான், அச்சுல வந்தத கொண்டா'ன்றான் அந்த ஆளு." சொக்கம்மாள் சுற்றிலும் அலமாரிகளைப் பார்த்தாள். பச்சை அட்டைகள் இப்போது இரண்டு வரிசையாக நின்றன. "இம்மாம் பொஸ்தகம் கீது. அது ஒண்ணு இல்லியா?"

ஆலிஸுக்கு அவமானமாக இருந்தது. தான் செய்யாத தப்புக்கு அவ்வளவு அவமானம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"தண்ணி எங்க ஆத்துத் தண்ணி" என்றாள் சொக்கம்மாள், ஒவ்வொன்றாக விரல் மடக்கி. "எறங்கி மொண்டு குட்த்தது நானு. கணக்குப் போட்டது சுப்புராயன். பேரு போட்டுகினது உங்க பெரிய வாத்தியாரு. நடுவுல வெலை வெக்கிறவன் யாரு?"

"லண்டன்ல ஒரு கம்பெனி."

"அவன் இதுல இன்னா பண்ணான்?"

"அச்சடிச்சான்."

"அச்சடிச்சதுக்கு இன்னா கேக்கறான்?"

"நூத்தியெம்பது ரூபா. தனியா ஒண்ணு குடுக்க மாட்டான், வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டணும்." அந்தத் தொகையில் தன் சம்பளம் முக்கால்வாசிக்கு மேல் போய்விடும் என்பதை ஆலிஸ் போன வாரமே போட்டுப் பார்த்திருந்தாள். வீட்டு வாடகையும் படுக்கையில் கிடக்கும் அம்மாவின் மருந்தும் போக மிஞ்சுவது என்ன என்றும் பார்த்திருந்தாள். வெட்கமாக இருந்ததால் அதைச் சொல்லவில்லை. "எல்லாரும் சேர்ந்து போட்டா ஒருவேள..." என்று இழுத்தாள்.

சொக்கம்மாள் ரூபாயில் கணக்குப் போடுகிறவள் அல்ல. வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தாள். "ஒரு கூட இறா ஆறு ரூபா. அப்ப முப்பது கூட இறா."

"ஆமா."

"முப்பது கூட இறா என் கைக்குக் கெடைச்சா," என்றாள் சொக்கம்மாள், "நா இன்னாத்துக்கும்மா இந்தப் பொஸ்தகத்தைத் தேடிகினு உன்னாண்ட வரப்போறேன்?"